கிரிமியாவில் மின்னிக்: சண்டையில் ஜெயித்தும் பாதிப் படை அழிந்தது எப்படி?

கேள்வி – சேராங்கோட்டை

ரஷ்யாவுக்காகப் போரிட்ட ஜெர்மானியர் புர்க்கார்ட் ஃபான் மின்னிக் 1736-ல் கிரிமியாவின் நுழைவாயிலான பெரெகோப் அரணை உடைத்து, கிரிமியாவை ஆண்ட தாத்தாரிய அரசர் கானின் தலைநகர் பக்சிசராயையும் எரித்தார். 50,000-க்கு மேல் போன படையில் சுமார் 30,000 பேர் காலி. சண்டையில் செத்தது 2,000 அளவுதான். ‘தண்ணீர்ப் பஞ்சம்’ என்று ஒரே வரியில் எல்லாரும் முடித்துவிடுகிறார்கள். கடலோரம்தானே, நம் பக்கம் மாதிரி மணலில் ஊற்றுத் தோண்டியிருக்கலாமே?

பதில் – மண்டபம் வாசகன்

ஊற்றில் சிரட்டையால் மொண்டால் ஒரு தெருவுக்குத் தேறும், படைக்குத் தேறாது. வெயிலில் நடக்கும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்றாலே 2 லட்சம் லிட்டர். குதிரை ஒன்று 30 லிட்டராவது குடிக்கும், வண்டி மாடுகள் வேறு. அரணுக்குக் கிழக்கே இருந்த சிவாஷ் கழியோ கடலைவிட உப்பு. இருந்த கிணறுகளையும் தாத்தாரியர் பாழாக்கி, புல்லைக் கொளுத்திக்கொண்டே பின்வாங்கினார்கள். புல் போனால் மாடு விழும், மாடு விழுந்தால் மாவு வண்டி நின்றுவிடும்.

அரணை உடைத்ததில் குறை சொல்ல முடியாது. மின்னிக் ஒரு பக்கம் போலித் தாக்குதல் காட்டி, மறுபக்கம் வறண்ட அகழியில் ஆட்களை இறக்கினார். ஈட்டியை ஊன்றி, ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு மேலே ஏறினார்கள். அதற்குப் பிறகு நடந்தது நிர்வாகக் கோளாறு. அவருடைய உதவியதிகாரி மான்ஷ்டைனே சொல்கிறார்: விடிவதற்கு முன் கிளம்பாமல், சூரியன் ஏறி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படை நகர்ந்தது. புளித்த கம்புரொட்டிக்குப் பழகிய வயிற்றில் புளிக்காத கோதுமை அப்பம் விழுந்தது. கழிச்சலும் காய்ச்சலும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

பதில் – தொண்டி

இத்தனைக்கும் அவர் எஞ்சினியர். 1721-ல் ரஷ்ய மன்னர் பீட்டர் அவரை வேலைக்கு எடுத்ததே அதற்குத்தான். லடோகா ஏரிப் புயலில் படகுகள் மூழ்காமலிருக்க வெட்டிய 111 கிலோமீட்டர் கால்வாயை முடித்துக் கொடுத்தவர் இவர்.

1737-ல் துருக்கியரின் ஒச்சாகோவ் கோட்டையைப் பிடிக்கப் போகும்போது பாரத்தைத் தினீப்பர் ஆற்றுப் படகுகளில் அனுப்பினார். யோசனை சரிதான், ஆனால் ஆற்றின் பாறைத் தடைகளில் படகுகள் மாட்டிக்கொண்டன. பெரிய பீரங்கி வந்து சேரவில்லை, சுற்றிலும் புல்லும் இல்லை. காத்திருக்க வழியில்லாமல் தாக்கினார். வீரர்கள் அகழி விளிம்பில் ஏணியில்லாமல் நின்று அடி வாங்கினார்கள். உள்ளே வெடிமருந்துக் கிடங்கு தீப்பிடித்து வெடித்ததால்தான் கோட்டை விழுந்தது. என் கணக்கில் அது அதிர்ஷ்டம், திறமை இல்லை.

சேராங்கோட்டை

அண்ணே, அப்படியானால் பெரெகோப்பைச் சுற்றிப் போக வேறு வழியே இல்லையா?

பதில் – தொண்டி

இருந்தது தம்பி. அதே 1737-ல் ரஷ்யப் படையின் இன்னொரு தளபதி, லேசி என்ற அயர்லாந்துக்காரர் அதில்தான் போனார். அசோவ் கடலுக்கும் சிவாஷுக்கும் நடுவே அரபாத் மணல்திட்டு, நம்ம அரிச்சல்முனை ரோடு மாதிரி ரெண்டு பக்கமும் தண்ணி, நீளம் மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல். கான் பாதையை மறித்ததால், லேசி காலிப் பீப்பாய்களைத் தெப்பமாகக் கட்டிக் காலாட்படையைச் சிவாஷ் தாண்டி இறக்கினார். ஆனாலும் தீவனம் இல்லாமல் அவரும் திரும்பத்தான் வேண்டியிருந்தது.

மின்னிக் 1739-ல் பாதையையே மாற்றினார். எரிந்த புல்வெளியை விட்டு, போலந்து மண் வழியாக மல்தாவியா நோக்கி நடந்தார். ஆகஸ்டில் ஸ்டவுச்சானியில் துருக்கியர் மீது வெற்றி, உடனே ஹோட்டின் கோட்டை, அடுத்து மல்தாவியாவின் தலைநகர் யாஸி. ஸ்டவுச்சானிச் சண்டையில் அவர் பக்கம் சாவு மிகக் குறைவு.