சுன்னாகம்–ஸ்ரீரங்கம் குடும்பக் குழு: வான் எத்தனை மணிக்கு?

மாலா மாமி (சுன்னாகம்): டிக்கெட் எடுத்தாச்சோ? எத்தினை மணிக்கு இறங்குறியள்? வான்காரனுக்குச் சொல்லோணும்.

கார்த்தி: போட்டாச்சு மாமி. வியாழக்கிழமை ஃப்ளைட் திருச்சியில மதியம் 1.25, யாழ்ப்பாணம் பலாலி ஏர்போர்ட்ல 2.25.

நிலா: அண்ணா, மேப்ல அளந்து பார்த்தேன். ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் 185 கி.மீ.தான்! ரோட்ல சென்னையே 330. ஏடிஆர்ங்கிற இந்தக் காத்தாடி விமானம் 500 கி.மீ. வேகத்துல போகும்னா 22 நிமிஷம்தானே ஆகணும்?

கார்த்தி: கணக்கு சரி, விமானம் அப்படிப் போகாதுடி. டிக்கெட்ல இருக்கிறது பறக்குற நேரம் இல்ல. நின்ன இடத்துலேர்ந்து நகர்றதுலேர்ந்து அங்க போய் நிக்கிற வரைக்கும். ஓடுபாதைக்கு உருண்டு போகணும், ஏறும்போது அந்த வேகம் கிடைக்காது, ஏறி முடிக்கிறதுக்குள்ள இறங்க ஆரம்பிச்சிடுவாங்க. போன தடவை தண்ணி வண்டியைப் பாதி வரிசை தள்ளினாங்க, அதுக்குள்ள பெல்ட் விளக்கு எரிஞ்சிடுச்சு.

சித்தப்பா: ஜெட்டா இருந்தா?

கார்த்தி: பலாலி ஓடுபாதை குட்டை சித்தப்பா, அதான் காத்தாடி விமானம். இந்தத் தூரத்துக்கு ஜெட் வந்தாலும் பெரிசா மிச்சமாகாது.

சித்தப்பா: பேசாம நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறலாம். காங்கேசன்துறைக்கு 110 கி.மீ.தான்.

அம்மா: கடல்ல நாலு மணி நேரம். அதுக்கு முன்னாடி நாகைக்கு 140 கி.மீ. பஸ். உங்க அப்பாவை வச்சுக்கிட்டா? நீங்க மட்டும் வேணா போங்க.

நிலா: நம்ம அப்பப்பா வாய்ஸ் போட்டிருக்கார். மாமி போன்ல ஸ்பீக்கர் கெட்டுப்போச்சே, அதனால எழுதுறேன்: “உதெல்லாம் புதுசில்லை. 47 மார்கழியில ஏர் சிலோன்ர முதல் பறப்பே கொழும்பு ரத்மலானையில வெளிக்கிட்டு, காங்கேசன்துறையில, அதான் இந்தப் பலாலியில, இறங்கி, மதராசுக்குப் போனது. 78ஓட பலாலியிலயிருந்து இந்தியாவுக்குப் போறது நிண்டது. பிறகு 2019 ஐப்பசியிலதான் திறந்தவங்கள். 41 வருசம்!”

மாலா மாமி: ஐயா சொல்லுறது சரி. முந்தி நீங்கள் கொழும்பால வந்தது ஞாபகமோ? தெற்க 400 கி.மீ. பறந்து போய், திருப்பி இரவிரவா வான்ல வடக்க. விடியப்புறம் வந்து சேரேக்க ஐயாவின்ர கால் ரெண்டும் வீங்கிப்போய்க் கிடந்தது. சரி, அப்ப ரெண்டே காலுக்கு வான் நிக்கட்டோ?

கார்த்தி: வேண்டாம் மாமி. இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிய மூணே கால் ஆகும். இங்க காலையில 9.45க்கே கிளம்புறோம். கவுன்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே மூடிடுவாங்க.

நிலா: 22 நிமிஷத்துக்கு வாசல்லேர்ந்து வாசல் ஆறு மணி நேரம் 😩

அம்மா: அண்ணி, சமைச்சு வைக்காதீங்க. ஏர்போர்ட்லயே சாப்பிட்டுடுவோம்.

மாலா மாமி: விசர்க்கதை கதையாதேங்கோ. மூண்டே முக்காலுக்குச் சோறு போடுவன். கணவாய்க் கறி. ஐயாவுக்கு முள்ளில்லாத மீன்.

நிலா: மாமி எனக்கு நண்டு!

மாலா மாமி: வாங்கி வைக்கிறன். வான்காரனுக்கு மூண்டு மணியெண்டே சொல்லியிருக்கிறன். மூண்டே கால் எண்டால் அவன் நாலுக்குத்தான் வருவான்.