கெல்டிக் கலர்ஸ் விழா: கேப் பிரெட்டனில் முதல் அக்டோபர், எங்கே தொடங்கலாம்?

வில்லும்தந்தியும் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கேப் பிரெட்டன் தீவில் இருக்கிற சிட்னியில் இருக்கிறேன். கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். வந்ததில் இருந்து கடையில், பஸ்ஸில், வகுப்பில் எல்லாரும் அக்டோபர் மாத கெல்டிக் கலர்ஸ் இசை விழாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நிகழ்ச்சி நிரலைத் திறந்தால் எதைப் பார்ப்பது எதை விடுவது என்று புரியவில்லை. ஒன்பது நாளும் தீவு முழுக்க எங்கெங்கோ ஒரே நேரத்தில் நடக்கிறது. பாதி ஊர்ப்பெயர்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

கும்பகோணத்தில் சின்ன வயதில் இருந்து கர்நாடக வயலின் கற்றவன் நான். சிட்னி துறைமுகத்தில் நிற்கும் அந்தப் பெரிய பிடில் (வயலினுக்கு இங்கே அதுதான் பெயர்) சிலையைப் பார்த்த நாளில் இருந்து, இந்த ஊர் வாசிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசை. கார் கிடையாது, காசும் அளவாகத்தான் இருக்கிறது, சாப்பாடு சைவம். ஒன்றிரண்டு நிகழ்ச்சிக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போகலாம்? குடும்பம் குடும்பமாக வரும் இடத்தில் தனியாகப் போனால் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்குமா? வயலினை எடுத்துப்போகலாமா?

பெடெக்அக்கா பதில்:

தம்பி, முதல் டிக்கெட்டைப் பெரிய அரங்கக் கச்சேரிக்கு எடுக்காதீர்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த இசை வளர்ந்தது சமையலறையிலும் ஊர்க்கூடத்திலும், ஆடுகிறவர்களின் காலுக்காக வாசித்து. அதனால் முதலில் ஒரு சின்ன ஊரைப் பிடியுங்கள். மேற்குக் கரையில் மாபூ, ஜுடிக், கிரெய்க்னிஷ், எதுவானாலும் சரி.

நான் இதே தீவில் பெடெக் என்ற ஊரில் குடியிருக்கிறேன். விழா நாட்களில் ஒரு கூடத்தில் நாற்காலி போடுவது, வாசலில் டிக்கெட் பார்ப்பது, தட்டு கழுவுவது என்று கைக்கு வந்த வேலையைச் செய்வேன். 1997இல் ஜோயெல்லா ஃபோல்ட்ஸும் மேக்ஸ் மெக்டொனால்டும் சேர்ந்து தொடங்கிய விழா இது. அக்டோபர் என்றால் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும் நேரம், கோடைக்கு வந்த கூட்டம் திரும்பிப்போய் விடுதிகள் காலியாகும் நேரமும் அதுவே. கச்சேரிகளை ஒரே நகரத்தில் குவிக்காமல் தேவாலயம், தீயணைப்பு நிலையக் கூடம், பள்ளிக்கூடம் என்று தீவு முழுக்கப் பரப்பினார்கள். அதனால் ஒவ்வொரு ஊரும் இதைத் தன் வீட்டு விசேஷமாக எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது.

பல கூடங்களில் கச்சேரிக்கு முன்னால் சாப்பாடு உண்டு. நீள மேசையில் முன்பின் தெரியாத நாலு பேருக்கு நடுவில் இடம் கிடைக்கும். மீன் சவுடர் என்ற கெட்டி சூப், மீன் கேக், அடுப்பில் மெதுவாக வெந்த பீன்ஸ், ஓட்ஸ் பிஸ்கட், கெட்டித் தேநீர். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் வழக்கம் இருப்பதால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சமையலறை ஜன்னலில் நிற்கும் அம்மாவிடம் மீனும் இறைச்சியும் சாப்பிடமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உருளைக்கிழங்கு, ரொட்டி, பழம் வைத்துச் சுட்ட பை என்று எதையாவது தட்டு நிறைய வைத்துவிடுவார். அப்புறம் எந்த ஊர், அப்பா யார், என்ன வேலை செய்கிறார் என்று விசாரணை தொடங்கும். கேப் பிரெட்டனில் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி உன் அப்பா யார் என்பதுதான். கும்பகோணத்துப் பிள்ளைக்கு அதற்குப் பதில் சொல்வதா கஷ்டம்?

வயலின் தெரிந்தவர் என்பதால் வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலும் மேடையில் இரண்டே பேர், ஒரு பிடில், ஒரு பியானோ. பிடில்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, காலால் தரையைத் தட்டிக்கொண்டே வாசிப்பார். மரத்தரையில் அந்தக் கால் சத்தம் நன்றாகக் கேட்கும், தனியாகத் தாள வாத்தியம் வேண்டியதில்லை. முதலில் மெதுவாக ஒரு ஏர் (மெல்லிசை மெட்டு) அல்லது மார்ச் (அணிநடை மெட்டு). அதில் இருந்து நிறுத்தாமல் ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஸ்காட்லாந்து நடன மெட்டு, அப்புறம் ரீல் என்ற வேகமான மெட்டு, அதன் மேல் இன்னொரு ரீல். நடுவில் கைதட்டலுக்குக்கூட இடைவெளி இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் போகும். ஸ்ட்ராத்ஸ்பேயில் ஒரு குறில், உடனே ஒரு நெடில் என்று வெட்டி வெட்டி வரும் நடையைக் கவனியுங்கள். அங்கிருந்து ரீலுக்குத் தாவும் இடத்தில் கூடத்தில் யாராவது உற்சாகத்தில் கத்துவார்கள், நீங்களும் கத்தலாம். பியானோவில் இடது கை கீழ் ஸ்வரங்களில் ஓயாமல் நடக்கும், வலது கை எதிர்பாராத இடங்களில் விழும். நமக்கு ஸ்வரத்தை அசைத்து அழகு செய்வது இடது கை விரல்கள். இங்கே அந்த வேலையில் பெரும்பங்கு வில்லுக்கு. ஒரே ஸ்வரத்தைச் சட்டென்று மூன்று குட்டி வில்லடியாக நறுக்கிப் போடுவார்கள், கட் என்று சொல்வார்கள். வலது மணிக்கட்டு தெரிகிற மாதிரி முன்வரிசையில் இடம் பிடியுங்கள்.

அடுத்தது சதுர நடனம், ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ஆடுவது, இதைத் தவற விடவே கூடாது. மேற்கு மாபூ கூடத்தின் சனிக்கிழமைக் குடும்ப நடனம் பெயர்பெற்றது. மது கிடையாது, பத்து வயதுப் பிள்ளையும் எண்பது வயதுத் தாத்தாவும் ஒரே வட்டத்தில் ஆடுவார்கள். மாபூ இருக்கிற இன்வர்னெஸ் கவுண்டி (மாவட்டம்) வழக்கப்படி ஒரு செட்டில், அதாவது ஒரு முழு ஆட்டத்தில், மூன்று பகுதி. முதல் இரண்டுக்கு ஜிக் என்ற துள்ளல் நடை மெட்டு, மூன்றாவதற்கு ரீல். அடிகளை மைக்கில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஒரு செட்டைச் சுவரோரம் நின்று பாருங்கள், அடுத்ததில் யாராவது கையை நீட்டினால் போய்விடுங்கள். சுழலும்போது ஜோடியின் முகத்தைப் பார்த்தால் தலை சுற்றாது. அடி தப்பினால் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார், அவ்வளவுதான் விஷயம். ஒதுங்கி நிற்க வேண்டியிருக்குமா என்று கேட்டீர்களே, அந்தக் கூடத்தில் ஒதுங்கி நிற்க யாரும் விடமாட்டார்கள். இரவு ஏறியதும் ஊர்ப் பெரியவர் யாராவது நடுவில் வந்து தனியாக ஸ்டெப் ஆடுவார். கை இரண்டும் சும்மா தொங்கும், பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாது, ஆனால் குதிகாலும் நுனிக்காலும் பாட்டின் ஒவ்வொரு அசைவையும் தரையில் போடும். எனக்கு இந்தத் தீவு பிடித்துப்போனதே அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான்.

ஸ்காட்லாந்தில் இருந்து வந்த கேலிக் மொழிப் பாட்டு கேட்க ஆசை என்றால் மில்லிங் ஃபிராலிக் எங்கே நடக்கிறது என்று நிரலில் தேடுங்கள். நனைத்த கம்பளித் துணியை மேசையைச் சுற்றி உட்கார்ந்து அடித்து அடித்துக் கைமாற்றுவார்கள். ஒருவர் அடி எடுத்துப் பாட, மற்றவர்கள் பல்லவியைச் சேர்ந்து வாங்கிக்கொள்வார்கள். நம் நடவுப் பாட்டு மாதிரியேதான். மேசையில் இடம் இருந்தால் உங்களையும் உட்காரச் சொல்வார்கள்.

இதெல்லாம் தானாக நிலைத்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் இருந்தும் தீவுகளில் இருந்தும் வந்து இறங்கியவர்கள் கொண்டுவந்த இசை இது, பலர் நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். 1970களின் தொடக்கத்தில் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியில் ஒரு ஆவணப்படம் வந்தது, கேப் பிரெட்டன் பிடில்காரர்கள் மறைந்துவருகிறார்கள் என்று. ஊருக்கே ரோஷம் வந்துவிட்டது. 1973இல் கிளெண்டேல் என்ற சின்ன ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட பிடில்காரர்களைக் கூட்டி வாசிக்க வைத்தார்கள். பிள்ளைகளுக்கு வகுப்புகள் தொடங்கினார்கள். இன்றைக்கு மேடையில் உட்கார்ந்திருக்கும் பலர் அந்த முயற்சிக்குப் பின்னால் வளர்ந்தவர்கள்.

கார் விஷயம். சிட்னி நகரப் பஸ் மாபூ பக்கம் எட்டிப்பார்க்காது, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓட்ட வேண்டிய தூரம். தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். வேலை செய்யும் இடத்துக்குப் போகிற யாராவது உங்களையும் ஏற்றிக்கொள்வார்கள், ஆட்களும் பழக்கமாவார்கள். நண்பர்கள் சேர்ந்து வாடகைக் கார் எடுத்தால் இரவில் கெல்லிஸ் மலை இறக்கத்தில் நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள், மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும்.

வயலினைக் கண்டிப்பாக எடுத்துவாருங்கள். பயிற்சிப் பட்டறைகளும் உண்டு, கூடி வாசிக்கும் இடங்களும் உண்டு. தெரியாத பாட்டு ஓடும்போது மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள், உங்களை வாசிக்கச் சொன்னால் கூச்சப்படாமல் ஒரு சின்னக் கீர்த்தனை வாசியுங்கள். இன்னொன்று, உங்கள் பல்கலைக்கழகத்திலேயே பீட்டன் இன்ஸ்டிட்யூட் ஆவணக்காப்பகம் இருக்கிறது. பழைய பிடில் பதிவுகள் அங்கே நிறைய. விழாவுக்கு முன்னால் ஒரு மதியம் போய்க் கேளுங்கள்.

கிளைட்நதி பதில்:

நான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கிறேன். இங்கே ஜனவரியில் இதே மாதிரி ஒரு இசை விழா, கெல்டிக் கனெக்‌ஷன்ஸ் நடக்கும், 1994இல் தொடங்கியது. குளிரும் மழையுமாக ஊரே சுருண்டு கிடக்கும் மாதத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் நகரமெங்கும் கச்சேரி. ராயல் கச்சேரி அரங்கில் டேனி கைல் பெயரில் ஒரு திறந்த மேடை உண்டு, புதியவர்கள் வாசிப்பார்கள், நான் தவறாமல் போவது அதற்குத்தான்.

அக்கா சொன்ன துணி அடிக்கும் பாட்டு இங்கே ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்களின் வேலை, பாட்டும் பெண்களுடையது. உங்கள் பக்கம் ஆண்களும் மேசையில் உட்காருகிறார்கள். கேப் பிரெட்டன் கலைஞர்கள் இங்கே வந்து வாசித்தால் ஸ்காட்லாந்துக்காரர்கள் அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், இங்கே அருகிப்போன ஸ்டெப் ஆட்டம் அங்கே உயிரோடு இருக்கிறது என்பதால். பக்கத்திலேயே இருக்கிறீர்கள் தம்பி, விட்டுவிடாதீர்கள்.

ஸ்கார்பரோவாசி பதில்:

நாங்கள் டொரோண்டோவில் இருந்து குடும்பமாகப் போய் வந்தனாங்கள். விழா தொடங்குவது கனடாவின் நன்றி நவிலல் நீண்ட வாரஇறுதியில். தங்க இடம் தேடுகிற ஆட்கள் வெள்ளனவே பதிவு செய்யுங்கள், கடைசி நேரத்தில் ஒன்றும் கிடைக்காது. தம்பி சிட்னியிலேயே இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

பிடில் ஸ்காட்லாந்து வழியினருக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதையுங்கோ. எஸ்கசோனி என்ற ஊரைச் சேர்ந்த, மிக்மாக் என்ற பூர்வகுடிக் கலைஞர் லீ கிரெமோ இந்தத் தீவின் பெரிய பிடில்காரர்களில் ஒருவர், 1999இல் காலமானார். சேட்டிகாம்ப் பக்கம் பிரெஞ்சு பேசும் அகேடியர்களும் அருமையாக வாசிப்பார்கள். எங்கட அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஒரு கூடத்தில் பக்கத்தில் இருந்த கிழவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முழு ஜிக்குக்கும் தாளம் போட்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பிறகு தேத்தண்ணி மட்டும் மாறி மாறி ஊற்றிக் கொடுத்தார்கள்.

வில்லும்தந்தியும் பதில்:

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் மிக்க நன்றி. தன்னார்வலர் படிவத்தை நிரப்பிவிட்டேன். பட்டறைக்கும் வரலாம் என்று இருக்கிறேன். ஒரு சந்தேகம். என் வயலினின் நான்கு தந்திகளும் ச-ப-ச-ப என்று கட்டியவை, ஸ்ருதி இரண்டு கட்டை. இங்கே எல்லாரும் ஜி-டி-ஏ-ஈ என்ற மேற்கத்திய ஸ்வரங்களில் கட்டுகிறார்கள். மாற்றிக் கட்டாமல் உட்கார முடியுமா?

பெடெக்அக்கா பதில்:

நானும் திருச்சியில் வயலின் கற்றவள்தான் தம்பி, அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. கேப் பிரெட்டனில் பழைய பிடில்காரர்கள் சில பாட்டுகளுக்குக் கீழ்த் தந்தி இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி ஏ-ஈ-ஏ-ஈ என்று கட்டுவார்கள். ஹை பாஸ் என்று பெயர். ஏ-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள், அது அப்படியே நம் ச-ப-ச-ப, ஆறு கட்டையில். வாசிக்காத தந்திகளும் சேர்ந்து அதிர்ந்து கூடம் நிறையும். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் உங்கள் தந்திகளை அந்த உயரத்துக்கு முறுக்காதீர்கள். இரண்டு கட்டையில் இருந்து ஆறு கட்டை ரொம்ப தூரம், அறுந்துவிடும். சாதாரண ஜி-டி-ஏ-ஈ தந்தி ஒரு செட் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் அந்த ஜி-டி-ஏ-ஈ ஸ்ருதியிலேயே தொடங்குங்கள், ஏனென்றால் பியானோ உங்களுக்காக ஸ்ருதி மாற்றாது. ஹை பாஸ் பாட்டு வரும்போது கீழ் இரண்டையும் மெதுவாக ஏற்றினால் போதும், விரல்களுக்கு எல்லாம் பழகிய இடம்.

தரையில் உட்கார்ந்து வாசிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக. நான் அப்படித்தான் உட்காருகிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஓரமாக இடம் பிடியுங்கள், நடுவில் ஆடுவார்கள். சனிக்கிழமை மேற்கு மாபூவுக்குக் கிளம்பும்போது என் காரில் ஒரு இடம் இருக்கிறது. பெடெக் வரைக்கும் வந்து சேர வழி இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். வழுக்காத, ஆனால் சுழலும்போது தரையில் ஒட்டாத செருப்பு வேண்டும், தோல் அடி வைத்த ஷூ ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.