ஹார்டுவேர் ரிவிஷனுக்கு ‘வார்ப்பு’: ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

கீழக்கரை நண்பர், துபாயிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி கொமடோர் 64 என்ற எண்பதுகளின் வீட்டுக் கணினி ஒன்றை வாங்கப்போவதாகவும், எந்த ரிவிஷன் (மாடல் பெயர் மாறாமல் உள்ளே மின்சுற்றுப் பலகை மாறிய நிலை) என்று பார்த்து வாங்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அதிலிருந்துதான் ரிவிஷனுக்குத் தமிழ் என்ன என்ற பேச்சு கிளம்பியது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பொருளைக் கழற்றிப் பார்க்காமல் அதற்குப் பெயர் வைக்க முடியாது.

> வன்பொருள் திருத்தம் என்றே வைக்கலாமே?

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. திருத்தம் என்றால் முன்பு பிழை இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று பொருள்படும். டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என் வைஃபை அடாப்டரைப் பாருங்கள். முதலில் வந்ததில் அதெரோஸ் சில்லு, அடுத்து வந்ததில் ரியல்டெக் சில்லு. மாடல் பெயர் அதேதான். லினக்ஸில் செருகியதும் ஓடும் என்று பெயர் பெற்றது முதலாவது. அதை நம்பி இரண்டாவதை வாங்கியவர் டிரைவர் தேடி அலைய வேண்டியிருந்தது. அவரிடம் போய் இது திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

> பதிப்பு?

அது மென்பொருளுக்கு நிலைத்துவிட்ட சொல். மதர்போர்டுக்கு பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இறக்குகிறவர் பலகையின் எண்ணையும் பயாஸின் எண்ணையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். வேறு ரிவிஷனுக்கு உரிய பயாஸை ஏற்றினால் மெஷின் எழாமலே போகலாம். இரண்டு எண்ணுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் நாமே ஆளைக் குழியில் தள்ளுகிறோம்.

நான் வைப்பது ‘வார்ப்பு’. விரித்துச் சொன்னால் ‘பலகை வார்ப்பு’. வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர் அச்சை மாற்றினால் குண்டின் பெயர் மாறாது, எடைதான் மாறும். இங்கேயும் அதே கதை: வெளிப்பெயர் நிற்கிறது, உள்ளே ஆள் மாறிவிடுகிறது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று சொல் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை. அதற்காகவே எனக்கு இது பிடித்திருக்கிறது.

விக்கிப்பீடியாவில் ‘வார்ப்புரு’ இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது டெம்ப்ளேட், வருகிற இடமே வேறு. எண்ணைச் சேர்த்தெழுதினால் ‘வார்ப்பெண்’ என்றாகிப் பொருள் குழம்பும். அதனால் ‘வார்ப்பு எண்’ என்று பிரித்தே எழுதுவோம்.

இனி நண்பரின் கேள்வி. 1982இல் வந்த கொமடோர் 64க்குப் பல வார்ப்புகள் உண்டு. பழைய நீளப் பலகைகளில் ஒலிக்கு 6581 சில்லு, கடைசியில் வந்த 250469 என்ற குட்டைப் பலகையில் 8580. முன்னதற்கு 12 வோல்ட், பின்னதற்கு 9 வோல்ட். ஒலிச் சில்லு போய்விட்டதென்று 6581ஐக் கழற்றி அதன் இடத்தில் 8580ஐ அப்படியே செருகினால் சில்லு வீணாகலாம். ஒலியும் ஒன்றல்ல; பதிவுசெய்த குரலை 6581 உரக்கச் சொல்லும், 8580இல் அது அமுங்கிக் கேட்கும். பெட்டியின் தோற்றத்தை நம்ப வேண்டாம். 64சி என்ற புதிய பெட்டிக்குள்ளும் தொடக்கத்தில் பழைய நீளப் பலகையைத்தான் வைத்து விற்றார்கள். விற்கிறவரிடம் மூடியைத் திறந்து, பலகையில் அச்சிட்டிருக்கும் எண் தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். தர மறுத்தால் மச்சானை வெறுங்கையோடு வரச் சொல்லுங்கள்.

ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் குட்டிக் கணினி வாங்குகிறவருக்குத் திறக்கிற வேலையே இல்லை. ஓட விட்டு, சிபியூ விவரத்தில் ரிவிஷன் வரியைப் பார்த்தால் போதும். பை 4இல், 4 ஜிபி மாடலுக்கு சி03111 என்றிருந்தால் வார்ப்பு 1.1, சி03112 என்றிருந்தால் 1.2. 2019இல் முதலில் வந்த 1.1இல், டைப்-சி மின்துளையில், செருகப்பட்டது என்ன என்று சார்ஜருக்குக் காட்டும் இரண்டு சிசி முனைகளுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர். அதனால், உள்ளே சில்லு வைத்த கேபிளைச் செருகினால் சார்ஜர் பை 4ஐ ஆடியோ சாதனம் என்று எடுத்துக்கொண்டு மின்சாரம் தராது. 1.2இல் அதைச் சரிசெய்தார்கள். சாதாரண கேபிள் என்றால் 1.1உம் ஓடும், விலை குறைத்துக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம்.

பாம்பன், மண்டபம் பக்கம் பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி இருக்காதீர்கள். உப்புக்காற்றில் அது சுருண்டு, எழுத்து கரைந்து, கடைசியில் பசை மட்டும் நிற்கும். மூடியின் திருகுகள் துருப்பிடித்திருந்தால் முதலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பொறுத்துக் கழற்றுங்கள். பிறகு மொபைல் டார்ச்சைப் பலகையின் மேல் சாய்த்துப் பிடித்தால், ஓரத்தில் அல்லது ஸ்லாட்டுகளுக்கு நடுவே வெள்ளை எழுத்தில் வார்ப்பு எண் தெரியும். அதே வெளிச்சத்தில் தாமிரத் தடங்களையும் பாருங்கள். பச்சை படர்ந்திருந்தால் எந்த வார்ப்பானாலும் வேண்டாம். திறக்க விடாத கடையில், விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பேஸ்போர்டு வெர்ஷன் என்ற வரியைப் பார்க்கலாம். சில தயாரிப்பாளர்கள் அதை வெறுமையாக விட்டிருப்பார்கள்.

நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க என் விளக்கம்: “வார்ப்பு: மாடல் பெயர் மாறாமல், பலகையின் வடிவமைப்பு மாறும்போது தயாரிப்பாளர் எண்ணிட்டுக் காட்டும் நிலை.” சில்லுக்குள்ளேயே அதன் வடிவமைப்பு மாறுவதை ஸ்டெப்பிங் என்பார்கள்; அந்த மாற்றத்துக்கு இதே சொல்லை நீட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.