கில் மைனஸ் 9 அடித்தால் என்ன தப்பு?

கருந்திரை

எங்கள் குழுவில் நாலு நாளாக இதே சண்டை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

வரிசையில் வரும் படங்களை எடுத்து, சுருக்கி, வட்டில் எழுதும் பைதான் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒன்று டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது தனியாகப் பிரித்து வைத்த பெட்டிக்குள், ஓடுகிறது. புதுப் பதிப்பு ஏற்றும்போது பழையதை டாக்கர் ஸ்டாப் போட்டு நிறுத்துவோம். ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்து விநாடி அசையாமல் நிற்கும், அப்புறம்தான் சாகும். வெளியேறும் எண் 137. பாதி எழுதிய படக் கோப்பு ஒன்றிரண்டு வட்டில் கிடக்கும். இத்தனைக்கும், நின்றுவிடு என்று கேட்கும் 15-ஆம் சிக்னலான சிக்டெர்முக்கு ஹேண்ட்லர் (அந்த சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) எழுதி வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் படத்தை முடி, புதிதாக எடுக்காதே, வெளியே போ. அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

எங்கள் மூத்தவர், "அந்தப் பத்து விநாடி வீண். நேரே மைனஸ் 9 அடி. அதைத் தாங்காத மாதிரி எழுதியது உன் தப்பு" என்கிறார். அதாவது கில் கட்டளையால் 9-ஆம் சிக்னலை அனுப்பி அந்த இடத்திலேயே சாகடி என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ஒன்பதாம்நம்பர்

என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரியும்.

15 ஒரு வேண்டுகோள். ப்ராசஸ் அதைப் பிடிக்கலாம், தள்ளிப்போடலாம், காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். 9-இடம் அந்த வேலையெல்லாம் நடக்காது. அதையும், ப்ராசஸை அப்படியே நிறுத்தி வைக்கும் சிக்ஸ்டாப்பையும் பிடிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. 9 வந்தால் இயங்குதளத்தின் மையமான கெர்னலே ஆளை முடித்துவிடும், ப்ராசஸின் ஒரு வரி கூட அதற்குப் பிறகு ஓடாது.

இப்போது யோசியுங்கள். மின்சாரம் போகும்போது 15 அனுப்பிவிட்டா போகிறது? நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் அடிப்பதும் 9-தான். ஆக, திடீர்ச் சாவைத் தாங்கும் வழியை எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். அதை எழுதிவிட்டால் 15-க்கு என்று இன்னொரு வழி எதற்கு? இரண்டு வழி இருந்தால் ஒன்றை யாரும் சோதிக்க மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் காலை வாருவது அந்த ஒன்றுதான்.

படத்தை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள், எஃப்சிங்க் போட்டு அது வட்டில் பதிவதை உறுதிசெய்யுங்கள், கடைசியில் ரீநேம் செய்யுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் ரீநேம் பாதியில் நிற்காது. அந்தப் பெயரில் ஒன்று கோப்பே இருக்காது, அல்லது முழுதாக இருக்கும்.

நிழல்நூல்

ரீநேம் யோசனை நல்லது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விழுந்தால் எழுந்திருப்பேன் என்பவனைத் தினமும் தள்ளிவிட வேண்டுமா என்ன?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் கணினியில் ஏதோ ஒரு இணைப்பின் ப்ராசஸ் அடம்பிடிக்கிறது என்று அதற்கு மட்டும் 9 அடித்துப் பாருங்கள். பகிர்ந்த நினைவகத்தில் எதையோ பாதியில் விட்டுவிட்டுச் செத்திருக்கலாம், இனி அதை நம்ப முடியாது என்று தலைமை ப்ராசஸ் முடிவு கட்டும். மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு, லாகைப் படித்து மீட்சி செய்த பிறகுதான் கதவைத் திறக்கும். பதிவான தரவு போகாது, உண்மைதான். ஆனால் ஒருத்தனை அடித்ததற்கு ஊரே வெளியே நிற்கும். அதே ப்ராசஸுக்கு 15 அனுப்பியிருந்தால் அந்த ஒரு இணைப்போடு போயிருக்கும்.

இன்னொன்று நானே பட்டது. ஒரு சர்வரின் தாய் ப்ராசஸுக்கு 9 அடித்தேன். தாய் போனது, பிள்ளைகள் போகவில்லை. கணினியின் முதல் ப்ராசஸான ப்ராசஸ் 1-க்குத் தத்துப் போய், இணைப்புகளுக்காகத் திறந்து வைத்த போர்ட்டையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தன. புதுப் பதிப்பு எழுந்து, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று அழுதுவிட்டு விழுந்தது. பிள்ளைகளை முடித்துவிட்டுப் போ என்று தாய்க்குச் சொல்ல 15-இல்தான் வாய்ப்பு இருந்தது.

ஈரிலக்கம்

15-ஐ இவ்வளவு நல்லவனாக்க வேண்டாம். சிக்னல் என்ற ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கிறது.

நீங்கள் கில் கட்டளை அடித்ததும் கெர்னல் என்ன செய்கிறது? அந்த ப்ராசஸின் நிலுவைப் பட்டியலில் ஒரு பிட்டை 1 ஆக்குகிறது. பிறகு அந்த ப்ராசஸ் கெர்னலிலிருந்து தன் நிரலுக்குத் திரும்பும் வாசலில் பிட்டைப் பார்த்து, அதன் ஸ்டாக்கில் ஒரு சட்டகத்தைக் கட்டி, ஹேண்ட்லருக்குள் தள்ளிவிடுகிறது. நிரல் எந்த வரியில் இருந்தாலும் அந்த வரியின் நடுவில். மேலாக் என்ற ஃபங்ஷன் தன் பூட்டைப் போட்டுக்கொண்டு நினைவகம் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது ஹேண்ட்லர் குறுக்கே வந்து, அதுவும் மேலாக்கைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? தான் போட்ட பூட்டுக்குத் தானே காத்துக் கிடக்கும். பிரிண்ட்எஃப் கூட ஹேண்ட்லருக்குள் ஆகாது, ரைட் போன்ற சில மட்டும் ஆகும். இதை எத்தனை பேர் பார்த்து எழுதுகிறார்கள்?

பழம் தின்று கொட்டை போட்டவர்களே சறுக்கிய இடம் இது. தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் 2024 ஜூலை 1 அன்று வெளிவந்த ஓட்டை நினைவிருக்கிறதா? 120 விநாடிக்குள் உள்நுழையாவிட்டால், நேரம் முடிந்தது என்று சொல்லும் சிக்அலார்ம் அடிக்கும். அதன் ஹேண்ட்லர் லாக் எழுதும் சிஸ்லாக்கைக் கூப்பிட, அது உள்ளே போய் நினைவக ஒதுக்கீட்டைத் தொட, சரியான நொடியில் இடித்தால் கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் என்ற முழு அதிகாரம். 2006-இல் அடைத்த ஓட்டைதான். பின்னால் லாக் எழுதும் பகுதியை மாற்றியபோது தெரியாமல் திறந்து, 8.5பி1 பதிப்பிலிருந்து வெளியே போய், 9.8பி1-இல் திரும்ப அடைபட்டது.

போதாததற்கு, இது வெறும் பிட். ஐந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் செத்தாலும் பிள்ளை செத்ததைத் தாய்க்குச் சொல்லும் சிக்சைல்டு ஒன்று மட்டும் வரலாம். வந்தது ஒன்றுதானே என்று ஒரு முறை மட்டும் வெயிட் போட்டு வெளியேறும் எண்ணை வாங்கினால், மற்ற நாலும் ஜாம்பியாக, செத்தும் பட்டியலில் பெயர் நீங்காமல், நிற்கும். அப்புறம் அர்த்தம்! என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு 15 என்றால் உடனே நிறுத்து, நிதானமாக நிறுத்த 3. போஸ்ட்கிரெஸ் தலைமை ப்ராசஸுக்கோ 15-தான் நிதானம், எல்லாரும் தாமாகப் போகும்வரை காத்திருக்கும். 3 அடித்தால் அடுத்த முறை மீட்சியோடுதான் எழும். எண் அதே, அர்த்தம் தலைகீழ்.

ஒன்பதாம்நம்பர்

ஈரிலக்கம் எனக்கே வக்காலத்து வாங்கிவிட்டார், நன்றி. ஹேண்ட்லர் இருந்தால்தானே ஹேண்ட்லரில் ஓட்டை இருக்கும்? 9-க்கு எல்லா ப்ராசஸிலும் ஒரே அர்த்தம்.

போஸ்ட்கிரெஸ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். டேட்டாபேஸ் ப்ராசஸுக்கு நானும் 9 அடிக்க மாட்டேன், அந்த அளவுக்குப் பைத்தியம் இல்லை. நான் சொல்வது நாம் எழுதும் வேலையாட்களைப் பற்றி.

ஈரிலக்கம்

நான் எங்கே உங்கள் பக்கம் வந்தேன்? ஹேண்ட்லரில் வேலை செய்யாதே என்பதுதான் என் கட்சி. ஒரு கொடியை ஏற்றிவிட்டுத் திரும்பு, முக்கியச் சுழற்சி அதைப் பார்த்துக்கொள்ளட்டும். இல்லையா, தனக்குத் தானே ஒரு பைப் வைத்து அதில் ஒரு பைட் எழுது. லினக்ஸில் 2.6.22 முதல், அதாவது 2007-லிருந்து, சிக்னல்எஃப்டி இருக்கிறது. சிக்னலைச் சாதாரணக் கோப்பு போலப் படித்துக்கொள்ளலாம்.

கருந்திரையின் பைதான் இதைத் தானாகவே செய்கிறது. அடியில் இருக்கும் சி ஹேண்ட்லர் கொடி மட்டும் ஏற்றும். நீங்கள் எழுதிய பைதான் ஃபங்ஷன் பிறகு, முக்கிய த்ரெட்டில், இரண்டு பைட்கோடுகளுக்கு (பைதானின் உள் கட்டளைகளுக்கு) நடுவில்தான் ஓடும். மேலாக் ஆபத்து இல்லை. ஆனால் படம் சுருக்கும் சி நூலகத்துக்குள் எட்டு விநாடி இருந்தால், அந்த எட்டு விநாடியும் உங்கள் ஹேண்ட்லர் வெளியே நிற்கும்.

அரைகுறை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 9-இடமிருந்து யாரும் தப்ப முடியாது என்கிறீர்கள். என்னிடம் ஒரு ப்ராசஸ் இருக்கிறது, மூன்று தடவை 9 அடித்தும் சாகவில்லை. ரூட்டாகவும் அடித்துப் பார்த்துவிட்டேன்.

நிழல்நூல்

ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை அடித்து நிலை என்ற பத்தியில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

இஸட் என்றால் அது ஏற்கெனவே செத்தாயிற்று. செத்த பிணத்தை எத்தனை முறை சுட்டாலும் என்ன? தாய் ப்ராசஸ் வெயிட் போட்டு வெளியேறும் எண்ணை வாங்கிக்கொள்ளாததால் பட்டியலில் பெயர் மட்டும் மிச்சம். தாயைக் கவனியுங்கள்.

டி என்றால் கெர்னலுக்குள் வட்டுக்கோ நெட்வொர்க் கோப்பு முறைமைக்கோ காத்துக் கிடக்கிறது, அந்தத் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது என்று கெர்னல் நிரலே சொல்லியிருக்கிறது. ஈரிலக்கம் சொன்ன பிட் 1 ஆகிவிட்டது, ஆனால் ஆள் வாசலுக்கு வந்தால்தானே பார்க்க? 2008-இல் 2.6.25 கெர்னலில், சாகடிக்கும் சிக்னலுக்கு மட்டும் எழுந்துகொள்ளும் தூக்கம் ஒன்றைச் சேர்த்தார்கள், நெட்வொர்க் கோப்பு முறைமையான என்எஃப்எஸ் அதைப் பயன்படுத்துகிறது. எல்லா டிரைவரும் அப்படி இல்லை.

அரைகுறை

டி-தான். கழற்றிப் போட்ட வெளி வட்டு ஒன்றுக்குக் காத்திருக்கிறது போல. நன்றி அண்ணா.

நிழல்நூல்

சரி, கருந்திரை. எல்லாரும் கொள்கை பேசிக்கொண்டிருக்கிறோம், உங்கள் சிக்கலை யாரும் பார்க்கவில்லை. 137 என்றால் 128-உடன் 9. டாக்கர் ஸ்டாப் முதலில் 15 அனுப்பி, பத்து விநாடி பொறுத்து, 9 அடிக்கும். ஆகவே உங்கள் ஹேண்ட்லர் மெதுவாக ஓடவில்லை, ஓடவே இல்லை. அந்த 15 யார் கைக்குப் போனது?

கன்டெய்னருக்குள் போய் ப்ராக் கோப்பகத்தில் ப்ராசஸ் 1-இன், அதாவது கன்டெய்னரின் முதல் ப்ராசஸின், ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, சிக்சிஜிடி வரியைப் பாருங்கள். எந்தெந்த சிக்னலுக்கு ஹேண்ட்லர் இருக்கிறது என்பதைச் சிக்னலுக்கு ஒரு பிட்டாகக் காட்டும் பதினறும எண் அது. அதே வரியை உங்கள் பைதானுக்கும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கருந்திரை

பைதானுக்கு 0000000000004002. வலது ஓரத்து 2 என்றால் இரண்டாவது பிட், கன்ட்ரோல்-சி அடித்தால் வரும் சிக்இன்ட். 4 என்றால் பதினைந்தாவது பிட், என் ஹேண்ட்லர். ஆக, பைதான் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

ப்ராசஸ் 1-இல் அந்த 4 இருக்க வேண்டிய இடத்தில் 0. ப்ராசஸ் 1 பைதானே இல்லை! நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட். அமைப்புக் கோப்பை நகலெடுத்து, பைதானைக் கிளப்பி, அது முடிந்ததும் தற்காலிகக் கோப்புகளை அழிப்பது அதன் வேலை.

நிழல்நூல்

அதேதான். 15 ஷெல்லுக்குப் போகிறது. ஷெல் அதைப் பிள்ளைக்குக் கடத்தாது. சாதாரண ப்ராசஸாக இருந்தால் ஷெல்லாவது செத்திருக்கும். ஆனால் ப்ராசஸ் 1-க்கு லினக்ஸ் ஒரு சலுகை வைத்திருக்கிறது: ஹேண்ட்லர் இல்லாத சிக்னலைத் தன் கன்டெய்னருக்குள்ளிருந்து யார் அனுப்பினாலும் அதற்கு ஒட்டாது. வெளியிலிருந்து வந்தாலும், 9-ஐயும் சிக்ஸ்டாப்பையும் தவிர மற்றவை ஒட்டாது. பத்து விநாடி கழித்து 9 வந்து ஷெல் சாகிறது. ப்ராசஸ் 1 செத்தால் அந்தக் கன்டெய்னரில் மிச்சம் இருக்கும் எல்லாருக்கும் கெர்னலே 9 அடிக்கும். உங்கள் பைதான் போவது அப்படித்தான். 15 வந்த சேதியே அதற்குத் தெரியாது.

பைதான் வரிக்கு முன்னால் எக்ஸெக் என்று ஒரு சொல் சேருங்கள். ஷெல்லின் இடத்தில் பைதானே ப்ராசஸ் 1 ஆகிவிடும்.

கருந்திரை

எக்ஸெக் போட்டால் கடைசி வரியில் இருக்கும் துப்புரவு ஓடாதே? அதனால் ஸ்கிரிப்டில் ட்ராப் போட்டேன், 15 வந்தால் பைதானுக்குக் கடத்து என்று. இன்னும் பத்து விநாடிதான்.

ஈரிலக்கம்

ஷெல் முன்னணியில் ஒரு கட்டளையை ஓட்டிவிட்டுக் காத்திருந்தால், அது முடிகிற வரைக்கும் ட்ராப்பைத் தொடாது. பைதான் முடிந்தால்தான் பைதானை முடிக்கச் சொல்லும், அவ்வளவு புத்திசாலி. பைதானை ஆம்பர்சாண்ட் போட்டுப் பின்னணிக்குத் தள்ளி, அடுத்த வரியில் வெயிட் போடுங்கள். வெயிட் சிக்னல் வந்ததும் விட்டுவிடும், ட்ராப் உடனே ஓடும். அப்புறம் மறக்காமல் இரண்டாவது வெயிட், இல்லாவிட்டால் பைதான் கடைசிப் படத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஷெல் கிளம்பிப் போய்விடும். அதற்கடுத்து நடப்பதை நிழல்நூல் மேலே சொல்லியிருக்கிறார்.

என்னைக் கேட்டால் துப்புரவைப் பைதானுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு எக்ஸெக் போடுவேன். ஒரு சிக்னலைக் கடத்த இவ்வளவு சடங்கா?

கருந்திரை

துப்புரவைப் பைதானுக்குள் நகர்த்தி எக்ஸெக் போட்டேன். இப்போது வெளியேறும் எண் 0, பாதிக் கோப்பு இல்லை. கையில் சின்னப் படம் இருந்தால் ஒரு விநாடிக்குள் நின்றுவிடுகிறது. ஒன்பதாம்நம்பர் சொன்ன ரீநேமையும் சேர்த்துவிட்டேன்.

ஒன்பதாம்நம்பர்

ரீநேம் சேர்த்தீர்கள் அல்லவா, இனி நான் அடித்தாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதைத்தானே முதலிலேயே சொன்னேன்? பெரிய படம் ஒன்று சி நூலகத்துக்குள் பன்னிரண்டு விநாடி மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

கருந்திரை

ஸ்டாப்புக்குப் பொறுமையை 30 விநாடி ஆக்கியிருக்கிறேன்.

ஒன்பதாம்நம்பர்

31-ஆவது விநாடியில் வருவது நான்தான்.