ராணிப்பேட்டை: மூக்கின் நடுச்சுவரில் துளையோடு வந்த பெரியவர்

பாலாற்றங்கரை:
குரோமிய ரசாயனங்கள் தயாரித்த குரோமேட் ஆலையையும், அது மூடிய பிறகும் பல்லாண்டு அங்கேயே கிடந்த லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவையும் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர், மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து கேட்டு எங்கள் மருந்துக் கடைக்கு வந்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டதற்கு, கல்லாவின் மேலிருந்த பட்ஸ் ஒன்றை எடுத்து இடது மூக்கில் நுழைத்துப் பக்கவாட்டில் திருப்பினார். அதன் பஞ்சு முனை வலது மூக்கில் எட்டிப் பார்த்தது. வலி இல்லையாம். தூசி பறந்த பிரிவில் நின்ற பலருக்கும் அப்படித்தான் என்றும், கூலி வெட்டு விழாதவரை அதை யாரும் நோயென்று சொன்னதில்லை என்றும் சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

வாணியம்பாடி வாசி:
ஐயா, நீங்கள் கண்டதை மறுக்கவில்லை. ஆனால் இம்மாவட்டங்களில் நோய் என்று பேச்செடுத்தாலே குரோமியத்தில்தான் போய் முடிகிறது. குரோமியத்திலும் வடிவங்கள் வேறு: தோல் பதனிடும் டேனரிகள் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமிய உப்பு; அந்தப் பெரியவரின் மூக்கை அரித்தது ஆறு இணைதிறன் கொண்டது, அதன் நச்சு பன்மடங்கு அதிகம். எங்கள் கிணறுகளைக் கெடுத்தது பெரும்பாலும் சாதாரண உப்பு. பச்சைத் தோல் கெடாதிருக்கத் தடவிய உப்பெல்லாம் கழுவுநீரோடு மண்ணில் இறங்கியது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றில் அதை அலசிக்கொண்டு போக வெள்ளம் ஏது? 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுக்காக ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது; கிணறு இனிக்கவில்லை. என் அத்தை வீட்டில் துவரம்பருப்பு வேகவே கேன் தண்ணீர் வேண்டும். பின்கட்டில் குடியிருக்கும் தோல் தொழிலாளியின் குடும்பமோ அதே போர் தண்ணீரைத்தான் குடிக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் அந்த அம்மாவிடம் சொன்னாராம்; எந்த உப்பை என்று கேட்கத் தோன்றியது.

மேல்விஷாரம்:
டேனரி வேலையில் என் மைத்துனருக்குக் கை வெடித்தது; மருத்துவமனையில் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள், என்ன வேலை என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் மூன்று இணைதிறன் என்று வாணியம்பாடி நண்பர் நிம்மதியடைய வேண்டாம். ஒவ்வாமை வந்துவிட்ட சருமத்துக்கு அதுவும் ஆகாமல் போகலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் பரிசோதனையில் குரோமியத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். கொத்தனார் வேலைக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று எண்ணாதீர்கள், சிமெண்டிலும் குரோமியம் உண்டு. தோல் கையுறையும் உதவாது. அதுவே பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டதுதான். அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால், மூக்கோடு விட்டுவிடாமல் நெஞ்சையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள் ஐயா. ஆறு இணைதிறன் குரோமியத் தூசி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது உறுதிப்பட்ட விஷயம். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் அது வரலாம்.