உயர் அழுத்தக் குழாய் எங்கே எடுக்கலாம்?

வணக்கம். நாங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் படிக்கிறோம். பாசியைக் காயவைக்காமல், தண்ணீரோடேயே 300 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி எண்ணெய் எடுப்பதுதான் இறுதியாண்டுச் செயற்திட்டம். பாசிக்குக் குறைவில்லை, தொட்டியில் தடிப்பாக நிற்கிறது, துணியில் வடித்தால் பச்சைக் களிபோல வரும். சிக்கல் உலைதான், அதை மூடிபோட்ட குழாயில் செய்யப் பார்க்கிறோம். அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகாமல் நிற்க 86 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு, ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் அழுத்தம் வேண்டும். இரும்புக்கடைக்காரர் சாதாரணத் தண்ணீர்க் குழாயைத் தட்டிக் காட்டி, "இது தாங்கும் தம்பி" என்கிறார். எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது!

தடித்த 316 ரகத் துருப்பிடிக்காத உருக்குக் குழாய், பொருத்தமான மூடிகளோடு வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்குமா? கொழும்பு என்றாலும் சரி, ஒரு அடி வெட்டித் தருவார்களா? அழுத்தச் சோதனை செய்துதரக்கூடியவர்களைத் தெரிந்தாலும் சொல்லுங்கள். காஸ் சிலிண்டர் யோசனை மட்டும் வேண்டாம் அண்ணாமாரே.