பின்பக்கம் பார்த்து மாட்டினால் கார் சீட் ஆடுகிறது, பழனி போவதற்குள் சரிசெய்ய வேண்டும்

கோவை அப்பா
வணக்கம். மகளுக்கு 13 மாதம், எடை 9.6 கிலோ. ஞாயிற்றுக்கிழமை பழனியில் முதல் மொட்டை, கோயம்புத்தூரிலிருந்து காரில்தான் போகிறோம். அக்கா தன் பையனுக்கு வாங்கிய சீட்டைக் கொடுத்திருக்கிறார், ஆரஞ்சு ஒட்டில் ஈசிஇ ஆர்44/04 (குழந்தை சீட்டுக்கான ஐரோப்பியப் பாதுகாப்பு விதி), 0–18 கிலோ என்று இருக்கிறது. எங்களுடையது பழைய கார், சீட்டை நேராகக் காரில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது, பெல்ட்டில்தான் கட்ட வேண்டும். குழந்தை பின்பக்கம் பார்க்கும்படி மாட்டினால் சீட் ஒரு சாண் ஆடுகிறது, முன்பக்கம் பார்க்க வைத்தால் கல் மாதிரி நிற்கிறது. 9 கிலோ தாண்டிவிட்டதால் முன்பக்கமே திருப்பிவிடலாமா? அம்மா, "நூறு கிலோமீட்டர்தானே, என் மடியில் இருக்கட்டும்" என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

நெடுஞ்சாலைக்காரன்
திருப்பாதீர்கள் சகோ. முதலில் இரண்டு கேள்வி. அந்தச் சீட் இருந்த வண்டி எப்போதாவது மோதியிருக்கிறதா? கார் பெல்ட்டைச் சீட்டில் குறித்திருக்கும் நீல நிற வழியில் விட்டீர்களா, சிவப்பு வழியிலா?

கோவை அப்பா
அக்காவிடம் கேட்டேன், வண்டி எங்கும் மோதவில்லை. பெல்ட் சிவப்பு வழியில்தான் போகிறது. நிறத்துக்கு அர்த்தம் உண்டு என்றே தெரியாது.

நெடுஞ்சாலைக்காரன்
அதுதான் கோளாறு. சிவப்பு முன்பக்கம் பார்க்க, நீலம் பின்பக்கம் பார்க்க. பெரும்பாலான சீட்களில், பின்பக்கம் பார்க்கும்போது இடுப்புப் பெல்ட் குழந்தையின் கால் பக்கத்தில் உள்ள நீலக் கொக்கிகளில் போகும், தோள் பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றி வரும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சீட்டை ஒரு கையால் பலமாக அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். அப்புறம் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தலைப்பக்கம் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் அசையத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெல்ட் நீளம் பத்தாமல் பக்கிள் மாட்ட வரவில்லை என்றால் கயிறு, நீட்டிப்பு என்று எதையும் சேர்க்காதீர்கள், அந்தச் சீட் உங்கள் காருக்குச் சேராது என்று அர்த்தம்.

ஆர்44 விதி 9 கிலோவில் முன்பக்கம் திருப்ப விடுவது உண்மைதான். அதற்குப் பின் வந்த ஆர்129 விதியில் 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்தே ஆக வேண்டும். இந்த வயதில் தலை பெரிது, கழுத்தெலும்பு இன்னும் முற்றவில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், மோதும்போது உடம்பைச் சீட்டின் வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். பின்பக்கம் பார்த்தால் முதுகு முழுவதும் சீட் தாங்கிக்கொள்ளும். உங்களுடையது போன்ற சீட்களில் பெரும்பாலும் 13 கிலோ வரை அப்படியே வைக்க முடியும். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் மட்டும் இப்படி மாட்டவே மாட்டாதீர்கள், அது வெடித்து விரிந்தால் அடி நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் விழும்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவு, 2019 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. 14 வயதுக்குள்ளான குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாமல் ஓட்டினால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம்.

இரு பிள்ளைகளின் அம்மா
தம்பி, அபராதத்தை விடுங்கள், மடி விஷயத்தை உங்கள் அம்மாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால் பத்துக் கிலோ குழந்தை இருநூறு கிலோ மூட்டை போல இழுக்கும், பயில்வானால்கூடப் பிடித்து வைக்க முடியாது. ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவது அதைவிட மோசம், பாட்டியின் எடை முழுவதும் குழந்தைமேல்தான் விழும். என் மாமியாரும் இப்படித்தான் சொன்னார். குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றதும் சரி என்றுவிட்டார்.

இன்னொன்று, வீட்டிலிருந்தே பட்டுப்பாவாடை கட்டிக் கிளம்பாதீர்கள். கொசகொசவென்று நிற்கும் துணிக்கு மேல் வார் இறுகாது, கால்களுக்கு நடுவில் வரும் வாரையும் போட முடியாது. பருத்தி ஜட்டியும் சட்டையும் போதும், பழனி போய் மாற்றிக்கொள்ளலாம். வார் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், தோள்பட்டை அருகே இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு விழக் கூடாது. திரும்பும்போது மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசியிருப்பார்கள், சீட்டில் ஒட்டுமே என்று தலைக்குப் பின்னால் துண்டை மடித்து வைக்காதீர்கள். சீட் துணியைத் துவைத்துக்கொள்ளலாம். அழுதால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தூக்குங்கள், ஓடும்போது வாரைக் கழற்ற வேண்டாம்.

கோவை அப்பா
நீல வழியில் மாட்டிவிட்டேன். பெல்ட் இரண்டு விரல் நீளம் மிச்சம், சீட் அரை அங்குலம்கூட அசையவில்லை. பழகட்டும் என்று நேற்று சீட்டைக் கழற்றிக் கூடத்தில் வைத்தோம், அம்மாவே அதில் உட்கார வைத்துப் பருப்பு சாதம் ஊட்டினார். பாதி சாதம் வாரில்தான் இருக்கிறது. துடைத்துவிட்டு சனிக்கிழமை இரவே மறுபடி மாட்டி, ஆட்டிப் பார்த்துவிடுகிறேன். இருவருக்கும் நன்றி.